கோடி வருஷத்துக்கு முந்தின இலையில இருக்க கார்பன், அந்தக் கால க்ளைமேட்டை எப்படிச் சொல்லுது?

நீங்க கேட்டது சுருக்கமா இதுதான்: கார்பன் டேட்டிங் 50,000 வருஷத்துக்கு மேல வேலை செய்யாதுன்னு ஸ்கூல்லயே படிச்சிருக்கோம், அப்புறம் எப்படி அஞ்சரை கோடி வருஷத்துக்கு முன்னாடி உதிர்ந்த இலையில இருக்க கார்பனை வச்சு அப்ப க்ளைமேட் இப்படி இருந்துச்சுன்னு சொல்றாங்க, இது யூகம்தானே, அப்புறம் நம்ம விழுப்புரம் பக்கத்துத் திருவக்கரை கல்மரத்துல இதைப் பண்ணிப் பாக்க முடியுமா. மூணுக்கும் சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல அந்தக் குழப்பத்தை எடுத்துடலாம். டேட்டிங்குக்கு எடுக்கறது கார்பன்-14. அது ரேடியோ ஆக்டிவ், 5730 வருஷத்துக்கு ஒரு தடவை பாதியா குறையும், அதனாலதான் 50,000 வருஷம் தாண்டினா அளக்கறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது. க்ளைமேட்டுக்குப் பாக்கறது கார்பன்-13. அது சிதையவே சிதையாது. இயற்கையில இருக்க கார்பன்ல கிட்டத்தட்ட 98.9 சதவீதம் கார்பன்-12, 1.1 சதவீதம் கார்பன்-13, ரெண்டுமே ஸ்டேபிள். இப்படி ஒரே தனிமத்துல எடை மட்டும் மாறற வகைங்களுக்கு ஐசோடோப்புன்னு பேர். இலை உயிரோட இருந்தப்ப அதுல 12க்கும் 13க்கும் என்ன விகிதமோ, நல்லபடியா புதைஞ்சு கிடந்தா அஞ்சு கோடி வருஷம் கழிச்சும் கிட்டத்தட்ட அதே விகிதம்தான். ஆனா இது வயசைச் சொல்லாது. வயசு வேற வழியில வரணும், பக்கத்துல இருக்க எரிமலைச் சாம்பல்ல ஜிர்கான்ங்கற கனிமம் கிடைச்சா அதுல யுரேனியம்-ஈயம் பாப்பாங்க, பாறையில பதிஞ்ச காந்தத் திசையைப் பாப்பாங்க, கூடக் கிடைக்கற விலங்குப் பல்லு எந்தக் காலத்து ஜாதின்னு பாப்பாங்க.

அளவை டெல்டா 13சி-ன்னு ஒரு எண்ணாச் சொல்லுவாங்க. ஒரு ஸ்டாண்டர்டு பொருளை விட இதுல 13 எவ்வளவு கூட அல்லது கம்மின்னு ஆயிரத்துக்கு இத்தனைன்னு எழுதறது, அதுக்குப் பேர் பெர் மில். அந்த ஸ்டாண்டர்டு அமெரிக்காவுல சவுத் கரோலினா பக்கம் பீ டீ ஃபார்மேஷன்ல கிடைச்ச பெலம்னைட் ஓடு, பெலம்னைட்ங்கறது கணவாய்க்குச் சொந்தக்கார ஜாதி, டைனோசர் காலத்து கடல் பிராணி. அந்த ஒரிஜினல் ஓடு எப்பவோ தீர்ந்து போச்சு, இப்ப அதுக்கு ஈடா அளவிட்டு வச்ச வேற பொருளை வச்சு ஓட்டறாங்க. செடி எல்லாமே இந்த ஸ்டாண்டர்டை விட லேசு, அதனால எப்பவும் மைனஸ்லதான் வரும். மைனஸ் 30ன்னா மைனஸ் 25ஐ விட 13 கம்மி, அதாவது இன்னும் லேசு. இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டா மிச்சம் எல்லாம் புரிஞ்சுரும்.

லேப்ல என்ன நடக்குதுன்னு பாத்தா இந்த எண் எங்கேருந்து வருதுன்னு தெளிவாயிடும். கல்லுல இலையோட அச்சு மட்டும் இருந்தாப் பத்தாது, கருப்பா ஒரு படலம், நிஜமான கார்பன், ஒட்டிக்கிட்டு இருக்கணும். அதை ஊசியாலயோ ப்ளேடாலயோ சுரண்டி எடுத்து ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல போடுவாங்க, கல்லுல சுண்ணாம்பு இருந்தா நுரைச்சுக்கிட்டுப் போயிடும், அது போகலைன்னா சுண்ணாம்போட கார்பனும் கலந்து எண்ணே தப்பாயிடும். களிமண் விடாம ஒட்டிக்கிட்டு இருந்தா ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட், அது ரொம்ப ஆபத்தான சாமான், அதுல மண்ணு கரைஞ்சு இலையோட மேல்தோல், க்யூட்டிக்கிள்னு சொல்லுவாங்க, தனியா மிதந்து வரும். நல்ல சாம்பிளா இருந்தா மைக்ராஸ்கோப்புல ஸ்டொமேட்டா, அதாவது இலைத்துளை, ஒவ்வொண்ணும் இன்னும் அப்படியே வாய் மாதிரி தெரியும். கழுவிக் காயவச்சு, ஒரு மில்லிகிராமுக்கும் கம்மியா எடுத்து, சின்ன தகரக் கப்புல வச்சு மடிச்சு, ஆக்சிஜனோட 1000 டிகிரி பக்கம் இருக்க உலையில போட்டா பளிச்சுனு எரிஞ்சு கார்பன் டை ஆக்சைடா வெளிய வரும். அந்த கேஸை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள்ள விட்டு எடை 44 எவ்வளவு, 45 எவ்வளவுன்னு எண்ணுவாங்க. 44ல இருக்கது கார்பன்-12, 45ல பெரும்பாலும் கார்பன்-13. 0.1 பெர் மில் அளவுக்குத் துல்லியமா வரும். அளக்கறதுல யூகத்துக்கு இடமே இல்ல. கஷ்டமெல்லாம் அதுக்கப்புறம்தான், அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்ங்கறதுல.

செடி ஏன் லேசான கார்பனா பாத்து எடுக்குது? காத்துல இருக்க கார்பன் டை ஆக்சைடு ஸ்டொமேட்டா வழியா உள்ள போறப்பவே கனமான மூலக்கூறு கொஞ்சம் மெதுவாப் போகும், அதுல ஒரு 4.4 பெர் மில் வித்தியாசம். உள்ள போனப்புறம் ருபிஸ்கோங்கற என்சைம் அதைப் பிடிக்கும், அதுக்கு 12ன்னா ரொம்ப சுலபம், 13ன்னா தயக்கம், அங்க 27லேருந்து 30 பெர் மில் வரைக்கும் வித்தியாசம் வர வாய்ப்பு இருக்கு. ஆனா அது எவ்வளவு தூரம் பொறுக்கி எடுக்க முடியும்ங்கறது உள்ள எவ்வளவு கேஸ் இருக்குங்கறதைப் பொறுத்தது. தண்ணி தாராளமா இருந்தா ஸ்டொமேட்டா நல்லாத் திறந்திருக்கும், உள்ள கேஸ் நிறைய, ருபிஸ்கோ 13ஐ ஒதுக்கிட்டு 12ஆ எடுத்துக்கும், இலை ரொம்ப லேசா இருக்கும், மைனஸ் 30, அதுக்கும் கீழ. வறட்சின்னா தண்ணியை மிச்சம் பிடிக்க ஸ்டொமேட்டாவை மூடிக்கும், உள்ள இருக்கது கம்மி, கிடைச்சதை எடுத்துத்தான் ஆகணும், 13ம் உள்ள வந்துரும், இலை மைனஸ் 24, 23ன்னு கனமாயிடும். இதை ஒரு ஃபார்முலாவா எழுதினது ஆஸ்திரேலியாவோட கிரஹாம் ஃபார்குவார், கூட ஓ'லியரி, பெர்ரி, 1982ல. இந்தத் துறையில எல்லாரும் இன்னைக்கு வரைக்கும் அதுலேருந்துதான் ஆரம்பிக்கறாங்க. 2010ல ரெண்டு தனித்தனி குழு உலகம் பூரா இருக்க இலைகளோட டேட்டாவைச் சேத்துப் பாத்து, மழை அதிகமாக அதிகமாக இலை லேசாகுதுன்னு தெளிவாக் காட்டினாங்க. இது சி3ன்னு சொல்ற செடிங்களுக்கு: மரம் கிட்டத்தட்ட எல்லாமே, நெல்லு, கோதுமை, பருப்பு வகை.

சி4ன்னு இன்னொரு கூட்டம் இருக்கு: சோளம், மக்காச்சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்பு, அருகம்புல். இதுங்க கார்பன் டை ஆக்சைடை முதல்ல வேற ஒரு என்சைமால பிடிச்சு, உள்ள ஒரு இடத்துல அடர்த்தியாச் சேத்து வச்சு, அப்புறம்தான் ருபிஸ்கோகிட்ட குடுக்கும். அடைச்சு வச்ச இடத்துல பொறுக்கி எடுக்க வழி இல்ல, அதனால சி4 செடி மைனஸ் 12, 13 பக்கம் நிக்கும், சி3 சராசரி மைனஸ் 27, 28. நடுவுல இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கதால, மண்ணுல கிடைக்கற மக்கின செடிக் கார்பனைப் பாத்தே இங்க புல்வெளியா காடான்னு ஓரளவு சொல்லிரலாம். சூடு, வறட்சி, காத்துல கார்பன் டை ஆக்சைடு கம்மி, இந்த மூணும் சி4க்கு சாதகம். குளிர்ச்சியும் ஈரமும் சி3க்கு.

இப்ப முக்கியமான விஷயம், இதைச் சொல்லத்தான் இவ்வளவும். ஃபாசில்ல வர்ற ஒத்தை எண்ணுக்குள்ள மூணு சமாச்சாரம் கலந்திருக்கு: அப்ப காத்துல இருந்த கார்பன் எப்படி இருந்துச்சு, அங்க வளர்ந்தது எந்த மாதிரிச் செடி, அந்தச் செடிக்குத் தண்ணி கிடைச்சுதா. மூணு பேர் சாப்ட்டதுக்கு மொத்தமா ஒரே தொகை போட்டு பில் வந்தா யாரு என்ன சாப்ட்டாங்கன்னு பில்லைப் பாத்துச் சொல்ல முடியாது இல்லையா, அதேதான். வெப்பநிலைங்கறது இந்த மூணுல நேரடியா இல்லவே இல்ல. "கார்பன் ஐசோடோப்பை வச்சு அன்னைக்கு இத்தனை டிகிரின்னு கண்டுபிடிச்சாங்க"ன்னு நியூஸ்ல வந்தா அது பெரும்பாலும் பாதி விஷயம். நல்ல ஆய்வுங்க எல்லாம் இந்த மூணுல ரெண்டை வேற சாட்சி வச்சுப் பிடிச்சுக்கிட்டு மூணாவதைத் தேடினதுதான், எந்த ஆய்வு தப்பாப் போச்சோ அது ரெண்டைச் சும்மா மாறாதுன்னு நினைச்சுக்கிட்டதாலதான்.

நம்ம ஊர்லயே இதுக்கு அருமையான உதாரணம் இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாதது எனக்கு ரொம்ப வருத்தம். நீலகிரி. ஊட்டியைச் சுத்தி 2000 மீட்டர் உயரத்துக்கு மேல இருக்க மலைகளுக்கு நடுவுல பள்ளத்துல தண்ணி தேங்கி நிக்கற சதுப்பு நிலம் உண்டு, சாண்டிநல்லா பக்கம் இருக்கதுதான் இதுல ரொம்பப் பேர் போனது. அங்க செடி செத்து விழுந்தா முழுசா மக்காது, தண்ணிக்குள்ள ஆக்சிஜன் இல்ல, அதனால வருஷா வருஷம் ஒண்ணுமேல ஒண்ணா கருப்பா படிஞ்சுக்கிட்டே வரும், பீட்டுன்னு சொல்லுவாங்க. மேல இருக்கது புதுசு, கீழ போகப் போகப் பழசு. கோடி வருஷ ஃபாசில் இல்ல, ஆனா வேலை செய்யற விதம் அதேதான், கூடுதலா ஒரு வசதி என்னன்னா இதோட வயசை கார்பன்-14 வச்சே சொல்லிரலாம், அதாவது ஒரே கருப்பு மண்ணுலேருந்து 14 வயசையும் 13 செடியையும் சொல்லுது. 1993ல நேச்சர் பத்திரிகையில வந்துச்சு அந்த ஆய்வு. பெங்களூர் ஐஐஎஸ்சியோட (இந்திய அறிவியல் கழகம்) ஆர். சுகுமார், அகமதாபாத் பிஆர்எல்லோட (இயற்பியல் ஆய்வுக்கூடம்) ஆர். ரமேஷ், கூட பந்த், ராஜகோபாலன். சுகுமார்னா யானை ஆராய்ச்சிக்குத்தான் எல்லாருக்கும் தெரியும், யானை எலும்புல இருக்க கார்பன் ஐசோடோப்பை வச்சு அது மரத்தழை எவ்வளவு தின்னுச்சு, புல்லு எவ்வளவு தின்னுச்சுன்னு பாத்தவரும் அவர்தான். அதே சூத்திரத்தைத்தான் சதுப்புல போட்டாங்க.

20,000 வருஷக் கதை அதுல வெளிய வந்துச்சு. பனியுகத்தோட உச்சத்துல நீலகிரி வறண்டு கிடந்திருக்கு, சி4 புல்லுதான் ஆதிக்கம். அப்புறம் ஹோலோசீன், அதாவது பனியுகம் முடிஞ்சு வந்த காலத்தோட தொடக்கத்துல தென்மேற்குப் பருவமழை பலமானப்ப சி3 பக்கம் சாய்ஞ்சு ஈரமாயிருக்கு. 6000 வருஷத்துக்கு முன்னாடிலேருந்து 3500 வருஷம் வரைக்கும் மறுபடி வறட்சி. சுமார் 600 வருஷத்துக்கு முன்னாடி சின்னதா ஒரு ஈரக் கட்டம், ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் மட்டும்தான்னு அதுவரைக்கும் நினைச்சுக்கிட்டு இருந்த இடைக்கால வெப்பக் கட்டத்தோட இதைச் சேத்துப் பேசினாங்க. பின்னாடி 1997ல இதே ரெக்கார்டை 40,000 வருஷம் வரைக்கும் நீட்டினாங்க.

இதுல பனியுகப் பகுதியை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. பனியுகம்னா குளிர், குளிர்ல சி3தானே ஜெயிக்கணும், அதுவும் 2000 மீட்டர் உயரத்துல. ஆனா பீட்டு சி4ங்குது. சூடு ஒண்ணை மட்டும் வச்சுப் படிச்சிருந்தா பனியுகத்துல ஊட்டி இன்னைக்கை விடச் சூடா இருந்துச்சுன்னு தலைகீழா முடிவு பண்ணியிருக்கணும். நிஜத்துல நடந்தது என்னன்னா மழை கம்மி, கூடவே காத்துல கார்பன் டை ஆக்சைடு 190 பிபிஎம் (பத்து லட்சத்துல 190 பங்கு) பக்கம்தான் இருந்துச்சு, அன்டார்டிகா பனிக்குள்ள மாட்டின காத்துக் குமிழ்லேருந்து இது தெரியும். இந்த ரெண்டும் சேந்து குளிரை மீறி சி4ஐத் தூக்கி விட்டுருச்சு. பனிக்கட்டி டேட்டா கையில இல்லாம இந்தப் பீட்டை மட்டும் வச்சு இதைப் பிரிச்சிருக்கவே முடியாது. இன்னொண்ணு, மகரந்தத்தை எண்ணி எந்தச் செடி இருந்துச்சுன்னு பாக்கற முறையும் நீலகிரியில முன்னாடியே பண்ணியிருந்தாங்க, ஆனா புல்லோட மகரந்தம் மைக்ராஸ்கோப்புல எல்லாம் ஒரே உருண்டைதான், சி3 புல்லா சி4 புல்லான்னு தெரியாது. அந்த இடத்தை ஐசோடோப்புதான் நிரப்புச்சு.

இதுல இன்னொரு விஷயமும் வெளிய வந்துச்சு, எனக்கு க்ளைமேட்டை விட இதுதான் பெருசாப் படுது. நீலகிரி புல்வெளி எல்லாம் சோலைக்காட்டை மனுஷன் எரிச்சு, மாடு மேய்ச்சு உண்டான வெத்து நிலம்னு ரொம்ப காலமா ஒரு பேச்சு, அந்தப் பேச்சை நம்பித்தான் புல்வெளியில கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் கொண்டுவந்து நட்டுத் தள்ளினாங்க. இந்தப் பீட்டு 20,000 வருஷத்துக்கு முன்னாடியே அங்க புல்லு இருந்துச்சுங்குது. சோலையும் புல்லும் மழைக்குத் தகுந்த மாதிரி ஏறி இறங்கி ஒண்ணா வாழ்ந்த மலை அது. புல்வெளியைக் காப்பாத்தணும்னு இன்னைக்குப் பேசறவங்க கையில இருக்க வலுவான சாட்சிகள்ல இந்தக் கார்பன்-13 எண்ணும் ஒண்ணு.

சரி, எண் ஒண்ணா இருந்து கதை மாறின கேஸ் ஒண்ணு சொல்றேன். பாகிஸ்தான்ல பொட்வார் பீடபூமி, இமயமலை அடிவாரத்து சிவாலிக் பாறைங்க. அங்க பழைய மண் அடுக்குல சுண்ணாம்பு முடிச்சு முடிச்சா இருக்கும், நம்ம ஊர்ல சுக்கான்கல்னு சொல்றோமே அந்த ஜாதி. மேல வளர்ந்த செடியோட வேர் விடற மூச்சுலேருந்தும் மக்கற இலைதழையிலேருந்தும் வர்ற கார்பன்தான் அதுல உக்காரும், ஆனா செடியை விட ஒரு 14 பெர் மில் கனமா, அந்தக் கணக்கு தெரியும்ங்கறதால திரும்பச் செடிக்குப் போயிடலாம். 1989ல குவேட், செர்லிங், போமன் மூணு பேரும் நேச்சர்ல எழுதினாங்க: சுமார் 70 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி சி3லேருந்து சி4 புல்வெளிக்குப் பெரிய தாவல் நடந்திருக்கு, இது ஆசியப் பருவமழை உருவானதோட அடையாளம்னு. படிச்சா ரொம்பப் பொருத்தமாவே இருந்துச்சு. அப்புறம் பாத்தா ஆப்பிரிக்கா, வட அமெரிக்கா, தென் அமெரிக்கான்னு எங்கயும் கிட்டத்தட்ட அதே காலகட்டத்துல அதே தாவல். நம்ம பருவமழை அர்ஜென்டினாவுல புல்லு வளர்க்காது இல்லையா. 1997ல செர்லிங்கே வேற குழுவோட சேந்து, உலகம் பூரா காத்துல கார்பன் டை ஆக்சைடு ஒரு எல்லைக்குக் கீழ இறங்கினதுதான் காரணம்னு எழுதினார். அடுத்து 1999ல மார்க் பகானி குழு கடல் பாசியோட கொழுப்பை வச்சுப் பாத்தப்ப, கார்பன் டை ஆக்சைடு அதுக்கு ரொம்ப முன்னாடியே தாழ்ந்துதான் இருந்துச்சுன்னு வந்துச்சு, அப்ப அந்த நேரத்துல திடீர்னு தாவினதுக்கு வறட்சி, மழைக்காலம் வெயில்காலம்னு நல்லாப் பிரிஞ்சது, காட்டுத்தீ இதெல்லாம்தான் காரணம்னு பேச்சு திரும்புச்சு. இத்தனைக்கும் 1989ல அளந்த எண்ணுல யாரும் ஒரு தப்பும் சொல்லல. சி4 வந்துச்சுங்கறது அன்னைக்கும் உண்மை, இன்னைக்கும் உண்மை. ஏன் வந்துச்சுங்கறதைத்தான் அந்த எண்ணால தனியாச் சொல்ல முடியல.

இப்ப நீங்க கேட்ட அஞ்சரை கோடி வருஷ இலைக்கு வரேன். 5 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி பேலியோசீன், இயோசீன்ங்கற ரெண்டு புவியியல் காலங்க சேர்ற இடத்துல பூமி சில ஆயிரம் வருஷத்துக்குள்ள 5, 6 டிகிரி சூடாச்சு, பி.இ.டி.எம்-னு பேர். 1991ல கெனட்டும் ஸ்டாட்டும் அன்டார்டிகா பக்கத்துக் கடலடி மண்ணுல கடல் நுண்ணுயிரோட சின்னச் சின்ன ஓடுங்களை அளந்து முதல்ல இதைக் காட்டினாங்க, ஓட்டோட கார்பன் திடீர்னு லேசாகுது. அடுத்த வருஷமே காக், ஸாகோஸ், ஜிஞ்சரிச் மூணு பேரும் அமெரிக்காவுல வயோமிங் மாநிலத்து பிக்ஹார்ன் பேசின்ல நிலத்து விலங்குப் பல்லுலயும் மண்ணுச் சுண்ணாம்புலயும் அதே சரிவைக் கண்டுபிடிச்சாங்க. இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிங்க. அன்டார்டிகா கடலுக்கு அடியில ஒரு கோடு, வயோமிங் பொட்டல்ல ஒரு கோடு, ரெண்டும் ஒரே நாள்காட்டியில ஒரே தேதின்னு கார்பன் சொல்லிருச்சு. உலகம் பூரா இருக்க காத்து ஒண்ணுதான், அது லேசாச்சுன்னா கடல், மண்ணு, இலை, பல்லு எல்லாமே சேந்து லேசாகும். மூணு சமாச்சாரத்துல முதல் சமாச்சாரம், அதாவது காத்து, தெளிவா மாட்டினது இங்கதான்.

அந்த பிக்ஹார்ன்ல சிவப்பும் சாம்பலுமா பட்டை பட்டையா மலை இருக்கும், வில்வுட் ஃபார்மேஷன். சிவப்புன்னா அந்தக் கால மண்ணு காஞ்சு ஆக்சிஜன் பட்டு இரும்பு துரு ஏறின அடையாளம், அப்படிப்பட்ட மண்ணுல இலை தங்காது, மக்கிரும். அதனால இந்தச் சூட்டுக் காலத்தோட பல்லு, எலும்பு எல்லாம் நிறையக் கிடைச்சும் இலை மட்டும் வருஷக்கணக்காக் கிடைக்கவே இல்ல. ஸ்மித்சோனியன் மியூசியத்து ஸ்காட் விங் விடாமத் தேடி, 2005ல சயின்ஸ்ல அந்த இலைங்களைப் பத்தி எழுதினார். முன்னாடி அந்த இடத்துல சதுப்புல வளர்ற சைப்ரஸ் ஜாதி ஊசியிலை மரம் நிறைய. சூட்டுக் காலத்துல அதைக் காணோம், அதுக்குப் பதிலா தெற்கேருந்து வந்த அவரைக் குடும்பத்து மரங்க மாதிரி வெப்பம் விரும்பற ஜாதிங்க. காலம் முடிஞ்சு குளிர்ந்ததும் வந்ததுங்க போயிடுது, பழசு திரும்பி வருது. எத்தனை டிகிரி சூடாச்சுன்னு இந்த இடத்துக்குச் சொன்னது கார்பன் இல்ல, இலையோட ஓரம். பல்லு பல்லா இல்லாம வழுவழுன்னு ஓரம் இருக்க ஜாதி எத்தனை சதவீதம்னு எண்ணினா சராசரி வெப்பம் வரும், சூடான ஊர்ல வழுவழு ஓரம் அதிகம். மழை குறைஞ்சுச்சா கூடுச்சாங்கறது இலையோட அளவுலேருந்து.

அப்ப இலையில இருந்த கார்பன் என்ன பண்ணுச்சுன்னு கேப்பீங்க. அது ஒரு புதிரைக் கிளப்பிச்சு. கடல் ஓட்டுல சரிவு 2.5, 3 பெர் மில். அதே நிகழ்ச்சிக்கு பிக்ஹார்ன்ல இலை மெழுகுல சரிவு 4, 5 பெர் மில். இலை மெழுகுன்னா இலை மேல பளபளன்னு இருக்குமே அந்தப் பூச்சு, அதுல 27, 29, 31 கார்பன் நீளத்துக்குச் சங்கிலி மூலக்கூறு இருக்கும், இலை மக்கினாலும் அது மண்ணுல கோடி வருஷம் தாங்கும், வேற கார்பன் கலக்காம அதை மட்டும் தனியாப் பிரிச்சு அளக்க முடியும். சரி, காத்து ஒண்ணுன்னா ரெண்டு இடத்துலயும் சரிவு ஒண்ணாத்தானே இருக்கணும்? 2007ல ஃபிரான்செஸ்கா ஸ்மித், விங், கேத்தரின் ஃப்ரீமன் இதுக்குக் குடுத்த பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: செடியே மாறிப்போச்சே. ஊசியிலை மரம் இயல்பாவே பூக்கற மரத்தை விட ரெண்டு மூணு பெர் மில் கனமா இருக்கும், முன்னாடி ரெண்டும் கலந்த காடு, சூட்டுக் காலத்துல பூக்கற மரம் மட்டும், அதனால காத்து லேசானது போக காடு மாறினதும் சேந்து சரிவைப் பெருசாக் காட்டிருச்சு. பெட்டி பெட்டியா இலையைத் தோண்டி எடுத்து இது இன்ன ஜாதின்னு பேர் வச்ச தாவரவியல் வேலை நடந்திருக்கலைன்னா இதைப் பிடிச்சிருக்கவே முடியாது, காத்துலயே 5 பெர் மில் சரிவுன்னு எடுத்துக்கிட்டு வெளிய வந்த கார்பனோட கணக்கை எங்கயோ கொண்டுபோயிருப்பாங்க. ஈரமும் கார்பன் டை ஆக்சைடு அதிகமானதும் இந்த வித்தியாசத்துல எவ்வளவு பங்குன்னு இன்னும் வாதம் நடந்துக்கிட்டுதான் இருக்கு.

அந்தக் கணக்கு ஏன் முக்கியம்னா, எவ்வளவு கார்பன் கொட்டுச்சுங்கறது அது எங்கேருந்து வந்துச்சுங்கறதைப் பொறுத்தது. கடலடியில உறைஞ்ச மீத்தேன்னா மைனஸ் 60, ரொம்ப லேசு, கொஞ்சம் கொட்டினாலே இந்தச் சரிவு வந்துரும். எரிமலை கேஸ்னா மைனஸ் 5, 6, மலை மலையாக் கொட்டணும். 2017ல போரான் ஐசோடோப்பையும் சேத்துப் பாத்த ஒரு குழு 10,000 பில்லியன் டன் கார்பனுக்கு மேல, பெரும்பங்கு வடக்கு அட்லாண்டிக் எரிமலைங்கதான்னு எழுதினாங்க, மீத்தேன் கட்சியும் இன்னும் விட்டுக் குடுக்கல. எந்தக் கணக்கை எடுத்தாலும் அப்ப வருஷத்துக்கு வெளிய வந்த கார்பன் இன்னைக்கு நாம வருஷத்துக்கு எரிச்சு விடற சுமார் 10 பில்லியன் டன்னை விட ரொம்பக் கம்மி, பத்துல ஒரு பங்கு அளவுதான்னு கணக்குப் போட்டவங்க இருக்காங்க. அது அடங்கி பழைய நிலைக்கு வர ஒண்ணரை, ரெண்டு லட்சம் வருஷம் ஆச்சு.

இன்னைக்கும் இதே சரிவு நடந்துக்கிட்டுதான் இருக்கு, அளந்தே பாத்துட்டாங்க. தொழிற்புரட்சிக்கு முன்னாடி காத்தோட எண் மைனஸ் 6.4 பக்கம், இப்ப மைனஸ் 8.5 பக்கம். நிலக்கரியும் பெட்ரோலும் பழைய செடியும் பாசியும்தானே, லேசான கார்பன், அதை எரிக்க எரிக்கக் காத்தும் லேசாகுது. ஹான்ஸ் சூஸ் 1950கள்ல கார்பன்-14ல முதல்ல இதைக் கவனிச்சதால சூஸ் எஃபெக்ட்னு பேர். காத்துல ஏறின கார்பன் டை ஆக்சைடு எரிமலையிலேருந்தோ கடல்லேருந்தோ வந்திருந்தா இந்த எண் இப்படி இறங்காது, மனுஷன் எரிச்சதுதான்னு சொல்றதுக்கு இது நேரடிச் சாட்சி. ஃபாசில் இலையை இன்னைக்குத் தோட்டத்து இலையோட ஒப்பிடறவங்க இந்த ரெண்டு பெர் மில்லைக் கழிச்சுட்டுத்தான் ஒப்பிடணும், பழைய பேப்பர் படிக்கறப்ப இதைப் பண்ணியிருக்காங்களான்னு பாத்துக்கங்க.

வேற என்னெல்லாம் ஏமாத்தும்னா, ஒரே மரத்துல உச்சி இலையை விட அடி இலை லேசா இருக்கும், அடர்ந்த காட்டுத் தரையில இன்னும் லேசு. மரக்கட்டை அதே மரத்து இலையை விட கனம். செடியோட உடம்புல இருக்க முக்கியமான ரெண்டு பொருள் செல்லுலோஸும் லிக்னினும், மக்கறப்ப செல்லுலோஸ் முதல்ல போகும், லிக்னின் தங்கும், லிக்னின் செல்லுலோஸை விட லேசுங்கறதால க்ளைமேட் மாறாமலே எண் இறங்கும். ஆத்து மண்ணுல பழைய பாறையிலேருந்து அரிச்சு வந்த கிழட்டுக் கார்பன் கலக்கும், பிக்ஹார்ன்லயே மண்ணை மொத்தமா எடுத்து அளந்தப்ப இதனால சரிவு மங்கித் தெரிஞ்சுச்சு. அதனாலதான் மொத்த மண்ணை விட இலை மெழுகு, அதை விட இன்ன ஜாதின்னு தெரிஞ்ச ஒரே இலையோட க்யூட்டிக்கிள், அப்படி மேல போகப் போக நம்பிக்கை கூடும்.

கடைசியா திருவக்கரை. அங்க இருக்க மரம் சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தினதுன்னு ஜியாலஜிக்கல் சர்வே சொல்லுது, ஆனா அது கல்லாவே மாறின மரம், மரத்துக்குள்ள சிலிக்கா புகுந்து ஒவ்வொரு செல்லையும் நிரப்பி உக்காந்துருச்சு, வளைய அமைப்பு கூட அழகாத் தெரியும், மரத்தோட ஒரிஜினல் கார்பன்தான் பெரும்பாலும் இல்ல. ஸ்லைடு வெட்டி அது எந்த மர ஜாதின்னு பாக்கறதுக்கு அருமையான சாம்பிள், கார்பன்-13க்கு உதவாது. அங்கேருந்து தெற்க நெய்வேலி லிக்னைட்டு, அதாவது பழுப்பு நிலக்கரி, அப்படி இல்ல, அது முழுக்கச் செடிக் கார்பன், கருத்துப்போன மரத்துண்டே உள்ள கிடைக்கும், அதுல தாராளமாப் பண்ணலாம். ஆனா லிக்னைட்டை மொத்தமா அரைச்சு அளந்தா எல்லாச் செடியும் கலந்த சராசரிதான் வரும், மரத்துண்டு, பிசின், க்யூட்டிக்கிள்னு தனித்தனியாப் பொறுக்கி அளக்கணும், அதோட மகரந்தம் பாக்கறவரையும் கூட உக்கார வைக்கணும். வயசுலயே முதல்ல ஒரு தகராறு இருக்கு, மயோசீன்னு, அதாவது இயோசீனுக்கு ரொம்பப் பின்னாடி வந்த காலம்னு, ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டு வர்றாங்க, இயோசீன்னு சொல்றவங்களும் இருக்காங்க, நடுவுல கோடிக்கணக்கான வருஷ வித்தியாசம். அது தீராம அங்க வர்ற எண்ணை உலகத்துல எந்த நிகழ்ச்சியோட சேத்து வைக்கறதுன்னு சொல்ல முடியாது.